மாப்ள, இந்த மாவிலை எந்த மரத்துது?

மாப்ள, உன் வாசல்ல தொங்குற தோரணத்தை ரெண்டு நிமிசம் கும்பிட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். சித்திரையில வந்தப்பவும் இதே பச்சை. ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்க வந்தப்பவும் இதே பச்சை. மார்கழியே முடியப் போகுது, ஒரு இலை சுருளல. எந்த மரத்து மாவிலைப்பா இது? ஒரு ஒட்டு கெடைக்குமா? எங்க தோட்டத்து மரமெல்லாம் நாலு நாள்ல வாடி விழுந்துர்ற சோம்பேறி ரகம்.

தாயி, நீ அங்க சிரிக்காத. போன வாரம் தோரணத்தைச் சோப்புத் தண்ணியில கழுவிக் கொடியில காயப்போட்டேன்னு நீதானே போன்ல சொன்ன? எழுபத்திரண்டு வயசாச்சு எனக்கு. மாவிலையைக் குளிப்பாட்டித் தலை துவட்டி விட்ட வீட்டை இப்பத்தான் பாக்குறேன்.

சரி, வாங்குனது வாங்கியாச்சு. அதை என்ன பண்றதுன்னு கேக்குற. திருப்பரங்குன்றத்துல தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் வாசுதேவன் இருக்காரே, அவரு தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கை நறுக்கி, சூடான ஜல்லி மேல தூவி, தாரோட சேத்து ரோடு போட வழி கண்டாரு. 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த ரோட்டுக்கு இதை அனுப்பி விட்டுரலாம்னு நெனச்சேன். ஆனா பி.வி.சி. ரகத்தை அதுல சேக்கக் கூடாதாம், சூடு பட்டா விஷப்புகை வருமாம். உன் மாவிலை அந்த ரகமா இருந்தா, ரோட்டுக்கே ஆகாததை நெலைவாசல்ல ஏத்தி வச்சுருக்கன்னு அர்த்தம். அதுக்காகக் குப்பையில போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கப் போயிராத, அது ரெண்டாவது கூத்து. பால்கனியில கட்டு. புறாவாவது பயப்படட்டும்.

அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. ஆபீஸ்ல பொங்கலுக்குக் குடுக்க 'இயற்கைப் பரிசு' வாங்கிருக்கேன்னு பெருமையாத் தொறந்து காட்டுன. அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு அட்டைப்பெட்டி. அதுக்குள்ள முட்டை முட்டையா ஊதுன பிளாஸ்டிக் தாளு. அதைச் சுத்தி டேப்பு. கத்தியை வச்சு அறுத்து அறுத்துப் பாத்தா, உள்ள படுத்துக் கெடக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை! எண்ணெய் பூசி மினுக்கி வச்சுருக்காய்ங்க. வெலையை நீ சொல்லல, நானும் கேக்கல. இருதயம் பலவீனமான ஆளு நான். ஆனா ஒண்ணு, எங்க வீட்டு அடுப்படியில மூலைக்கு மூலை சிரட்டைதான் குமிஞ்சு கெடக்கு. இம்புட்டுப் பணம் பெறும்னு தெரிஞ்சிருந்தா உங்க அத்தை அதுல வெந்நீர் போட்டுருக்க மாட்டா, பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பா.

நான் மட்டும் யோக்கியன்னு சொல்லல. உங்க தாத்தா படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கிப் போட்டவன்தான் நானும். தெனம் பூ வாங்க வேண்டாம்ல, அந்தக் கணக்கு. ஆறு மாசத்துல மாலை மேல அம்புட்டுத் தூசி. உங்க அத்தை ஒருநா படத்துக்கு முன்னாடி நின்னு, "மாமா, உங்க மகன் உங்களுக்கு ஒட்டடை சாத்தியிருக்காரு"ன்னு அறிக்கை வாசிச்சா. அன்னைக்கே கழட்டிட்டேன். கழட்டுன மாலையை எங்க போடுறதுன்னு தெரியாம இன்னும் பரண்ல வச்சுருக்கேன். உரச்சாக்கும் எங்க வீட்ல நெறைய உண்டு. ஆனா உரச்சாக்கு எங்க ஊர்ல லேசுல சாகாது. முதல்ல உரம், அப்புறம் நெல்லு, அப்புறம் குளிக்கிற எடத்துக்கு மறைப்பு, கடைசியில கன்னுக்குட்டிக்குப் போர்வை. பிளாஸ்டிக்கே ஆனாலும் ஒரு பொருளைக் கடைசி மூச்சு வரைக்கும் வேலை வாங்கணும், எங்க ஊரு மில்லுல உங்க அப்பனை வாங்குன மாதிரி.

நாளைக்குப் போகி. அதனால காப்புக்கட்டு மட்டும் ஒழுங்காச் சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்க. வட பக்கத்துல போகின்னா கொளுத்துறது. எங்க பக்கம் வெள்ளையடிச்சுக் காப்புக் கட்டுறது. கண்ணுப்பீளை தெரியுமா உனக்கு? சிறுபீளைன்னு வைத்தியரு சொல்லுவாரு, நீர்க்கல்லுக்குக் கசாயம் வைக்கிற செடி. யாரும் விதைக்கிறதில்ல. மார்கழிக் கடைசியில வரப்போரம், கண்மாய்க் கரையில பஞ்சை ஒட்டி வச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு நிக்கும். அதுல ஒரு கொத்து, ஆவாரம்பூ ஒரு கொத்து, வேப்பிலை ஒரு கொத்து, மாவிலை ரெண்டு. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து வைக்கப்பிரி முறுக்கிக் கட்டு. அம்புட்டுத்தான் தோரணம். வெள்ளை, மஞ்சள், ரெண்டு விதப் பச்சை. இதைவிட என்ன கலரு வேணும் உனக்கு?

எங்கெங்க சொருகுவோம்? நெலைவாசல், கூரை எறவாணம், மாட்டுக் கொட்டம், கெணத்தடி, வயக்காடு. கடைசியா ஒரு கொத்து குப்பைக்குழிக்கு. ஆமாப்பா, குப்பைக்கே காப்புக் கட்டுன பரம்பரை நீ. அந்தக் குழிதான கோடையில எருவா வயலுக்குப் போகும். உங்க அப்பார்ட்மெண்ட்ல குப்பைக்குக் காப்புக் கட்டணும்னா எங்க கட்டுவ? லிஃப்ட்டுக்குப் பக்கத்துல நிக்கிற நீலத் தொட்டிக்கா? கட்டிப் பாரு, செகரட்டரி நோட்டீசு விடுவாரு.

டவுன்ல இதுக்கு எங்க போறதுன்னு மூஞ்சியத் தொங்கப்போடாத. நாளைக்குக் காலையில மார்க்கெட்டுப் பக்கம் போ, கட்டுக் கட்டா வச்சு வித்துக்கிட்டு இருப்பாங்க. பேரம் பேசாத. செடி சும்மா வந்ததுதான். ஆனா அதைப் பனியில நனைஞ்சு பறிச்சு, மொத பஸ்ல ஏத்திக் கொண்டுவந்த கை இருக்கே, அந்தக் கைக்குத்தான் காசு. ஊர்ப்பக்கம் வந்து நீயே பறிக்கிறதா இருந்தா வேரோட புடுங்கிராத. நுனியைக் கிள்ளு. மிச்சம் விதையா உதிர்ந்தாத்தான் அடுத்த தைக்கு உன் மகன் கையில கொத்து இருக்கும்.

குருத்தோலைத் தோரணமும் அப்படித்தான். தென்னைக்கு இருக்கறது ஒரே கண்ணு, அந்தக் குருத்துதான். அழகுக்காகக் காய்க்கிற மரத்தோட கண்ணைக் குத்தாத. காத்துக்குச் சாஞ்ச மரம், வெட்டப் போற மரம், அதுல எடு. ஓலைக்கிளி பின்ன எனக்கு எங்க அப்பாரு ஒரு மாசம் சொல்லிக் குடுத்தாரு, அதுல பாதி நாள் தலையில குட்டு. உன் மகன் செல்போன்ல ஒரு தடவை பாத்துட்டு என் கிளியைவிட நல்ல கிளி பின்னிட்டான். என் கிளி காக்கா மாதிரி இருக்குன்னும் சொன்னான். வாஸ்தவம்தான்.

மதுரை மல்லிச் சரம் வாங்குனா வாழைநார்ல தொடுத்ததாப் பாத்து வாங்கு. 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூவு, நைலான் நூல்ல தூக்குப்போட்டுத் தொங்குனா நல்லாவா இருக்கு? குலை தள்ளி வெட்டிட்டா வாழைக்கு வேலை முடிஞ்சது. தூக்கி எறியுற மட்டையை உரிச்சாக் கெடைக்கிறதுதான் நாரு. எங்க பக்கத்து மேலக்கால்ல முருகேசன்னு ஒரு விவசாயி, சைக்கிள் சக்கர ரிம்மை வச்சே வாழைநாரைக் கயிறாத் திரிக்கிற மிசினை உண்டாக்குனாரு. அந்தக் கயித்துல பின்னுன கூடை இப்பக் கப்பலேறிப் போகுது. ஒருநா உங்க ஆபீஸ் பெரியவரு வெளிநாட்டுக்குப் போய் அதையே வாங்கிட்டு வந்து உனக்குப் பரிசாக் குடுப்பாரு. நீயும் எனக்கு போட்டோ அனுப்புவ. நான் சைக்கிள எடுத்துக்கிட்டு மேலக்கால் போய் அது எந்த வீட்டுக் கூடைன்னு விசாரிச்சுச் சொல்றேன்.

அலங்காரம்னா என்னன்னு உனக்குத் தெரியணும்னா முளைப்பாரிக்கு ஊருக்கு வா. மண்சட்டியில, ஓட்டை விழுந்த பழைய பாத்திரத்துல கண்மாய்க் கரம்பையைப் போட்டு, காய்ஞ்ச எருவைப் பொடிச்சுப் போட்டு, மேல வைக்கோலைப் பரப்பி, நவதானியத்தைத் தூவித் தண்ணி தெளிச்சு இருட்டு ரூம்ல வைப்பாங்க. பொம்பளைங்க தெனம் சாயங்காலம் கும்மி தட்டுவாங்க. வெளிச்சம் படாம வளர்றதால பயிரு ஒசர ஒசரமா, வெளுத்த மஞ்சளா எந்திரிச்சு நிக்கும், உங்க அப்பார்ட்மெண்ட் புள்ளைங்க மாதிரி. சரி சரி, கோவப்படாத. பத்தாம் நாள் அதைத் தலையில வச்சுக்கிட்டு நூறு பொம்பளைங்க தெருவுல வரிசையா நடந்து வர்றப்பப் பாக்கணும். எந்த சீரியல் லைட்டும் கிட்ட நிக்காது. அப்புறம் நேரா கண்மாய்க்குப் போய்க் கரைச்சுட்டுச் சட்டியை அலசிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. மிச்சம்னு ஒரு ஈர்க்குச்சி கெடயாது.

கொலுவுக்கும் குடிலுக்கும் எங்க போறதுன்னு கேக்காத. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்துல விளாச்சேரி இருக்கு. ஒரே தெருவுல இந்த வீட்ல கொலுவுக்குக் கண்ணன் காயும், அந்த வீட்ல கிறிஸ்துமஸுக்குக் கொழந்தை ஏசு காயும். மண்ணு ஒண்ணுதான. வாங்குன பொம்மையைப் பழைய வேட்டியில சுத்திப் பெட்டியில வை. உடைஞ்சா அழுவாத.

உடைஞ்சதைப் பத்திச் சொல்லணும்னா, கீழடிக்குப் போயிருக்கியா? 2023ல மியூசியம் திறந்துட்டாங்க, இங்கேருந்து ரிங் ரோட்டத் தாண்டுனா வந்துரும். தங்கம் எங்கன்னு தேடாத. உடைஞ்ச பானை ஓட்டை வட்டமாத் தட்டித் தேய்ச்சுச் சில்லு பண்ணி வச்சுருக்கும் பாரு, அதுக்கு முன்னாடி நில்லு. ரெண்டாயிரம் வருசத்துக்கும் முந்தி வைகைக் கரையில ஒரு ஆத்தா கையில பானை உடைஞ்சிருக்கு. அவ தலையில கை வச்சு உக்காந்திருப்பா. புள்ளை அதுக்குள்ள ஓட்டைப் பொறுக்கிக்கிட்டு ஆடப் போயிருச்சு. அதுக்கு யாரும் பட்டறை நடத்தி ஐநூறு ரூபா வாங்கல.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காமச் சொல்லு. எதிர் ஃப்ளாட்டுக்காரரு பேரு என்ன? தெரியாது. எனக்குத் தெரியும், சத்தியசீலன். கீழ மாமரம் நிக்குதே, அதுல இலை பறிச்சுக்கலாமான்னு கேட்டேன், ஏணியே தூக்கிட்டு வந்தாரு. வாடுற பொருளுக்கு இந்தக் குசும்பு உண்டு மாப்ள. வருசத்துக்கு ஒரு தடவை உன்னை வெளிய தொரத்தி விட்டுரும். இலைக்கு எதிர்வீடு, பீளைக்கு வரப்பு, பானைக்கு வேளார் வீடுன்னு படியேறிக் கேக்க வைக்கும். வாடாத தோரணத்தை ஒரு தடவை மாட்டிட்டா யாரு மூஞ்சியிலயும் முழிக்க வேண்டியதில்ல. உனக்கு அது பிடிச்சதுக்குக் காரணம் பச்சை நெறம் இல்ல, எனக்குத் தெரியும்.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சீரை எண்ணிக்க. மானாமதுரைப் பானை ஒண்ணு. சிரட்டை அகப்பை ஒண்ணு, மூங்கில் காம்பு நானே செதுக்குனது, உன் டப்பாவுல இருக்கறதைவிடக் கொஞ்சம் கோணல். மஞ்சக் கொத்து ரெண்டு. சோழவந்தான் வெத்தலை ஒரு கவுளி. அவரை, பொடலை, சொரை விதை, சாம்பல்ல பொரட்டி முடிஞ்சுருக்கேன், ஆபீஸ்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் குடு, மடிச்சது உன் மகனோட பழைய கணக்கு நோட்டுத் தாளு. மார்க்கை மறைச்சுத்தான் மடிச்சுருக்கேன்.

கரும்பைத் தவிர எல்லாம் வந்தது மஞ்சப்பையில. 2019 ஜனவரியில 14 வகை பிளாஸ்டிக்கைத் தடை பண்ணுனாங்க, 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு அரசாங்கமே கெளம்புச்சு. நான் விட்டாத்தானே மீண்டும்? நீ காலேஜ் படிக்கிறப்ப ஹாஸ்டலுக்கு முறுக்கு கொண்டாந்தேன், பையைப் பாத்துட்டுக் கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சு வாங்குன. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு.

தீவாளிக்கு ஒண்ணு, உன் மக சடங்குக்கு ரெண்டு, இப்ப இது ஒண்ணு. ஆக மொத்தம் நாலு பை உன் வீட்ல நிக்குது. சீர் வந்த பையை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு உங்க ஆத்தாவுக்குத் தெரியும். தாயி, அந்தக் காப்பித்தூள் டப்பா எங்க வச்சுருக்க?