சூசையப்பருக்கு வசனம் இல்லை

நாலு சுவிசேஷத்தையும் சலித்துப் பார்த்தாலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசினதாக எங்கேயும் கிடையாது. தேவதூதர் கனவில் வந்து எகிப்துக்குப் போகச் சொன்னால் போவார், திரும்பி வரச் சொன்னால் வருவார். அவ்வளவுதான். இந்த உண்மையை எனக்கு எடுத்துச் சொன்னவர் பங்குச் சாமியார் இல்லீங்க, என் வீட்டுக்காரி. சொன்ன இடம் சமையல்கட்டு. சந்தர்ப்பம், கேக்குக்கு எத்தனை முட்டை என்பதில் நான் ஓர் அபிப்பிராயம் தெரிவித்தது.

நானும் லேசில் விடவில்லை. இத்தாலியில் 1680-ல் பிறந்து இங்கே வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர், 1726-ல் தேம்பாவணி என்று ஒரு காப்பியம் பாடினாரே, 36 படலம், 3615 பாட்டு, அதற்கு நாயகன் யார்? மூன்று ராஜாக்களா? இல்லை, சூசையப்பர். வீட்டில் வாயைத் திறக்காத ஒரு தச்சருக்கு அத்தனை பாட்டு! இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும் வரை அவள் மாவைச் சலித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "ஏனுங்க, அத்தனை பாட்டுல ஒண்ணுலயாவது அவரு சமையல்கட்டுக்குள்ள வந்து முட்டைக் கணக்குக் கேட்டதா இருக்குதுங்களா?" என்றாள். நான் தேம்பாவணியை முழுசாகப் படித்தவன் இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பங்கு கோயமுத்தூருக்குக் கிழக்கே, மில் சங்கைக் கேட்டு ஊர் எழுந்த காலத்துத் தெருக்களில் இருக்கிறது. டிசம்பரில் இங்கே தூக்கம் என்பது கிடையாது. விடியற்காலையில் அடுத்த தெருக் கோயிலில் திருப்பாவை தொடங்கிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் கேரல் கோஷ்டியின் டிரம் ஓயாது. நடுவில் கொஞ்ச நேரம் கண்ணை மூட ஆசைப்படுகிற அப்பாவிகள் இரண்டு தரப்பிலும் உண்டு. அவர்கள் மட்டும் ஒரு சங்கம் வைத்தால் மத நல்லிணக்கத்துக்கு நல்லது.

திருவருகைக் காலம் என்றால் நாலு ஞாயிறு, வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி. உள்ளத்தைத் தயார் செய்யுங்கள் என்று ஃபாதர் வாராவாரம் பிரசங்கம் வைப்பார். நானும் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு, மொட்டைமாடிக்கு நட்சத்திரம், தையல்காரரிடம் தினம் ஒரு நடை, பேக்கரிக்காரரிடம் ஓவன் கேட்டு ஒரு கெஞ்சல் என்று வரிசை நிற்கிறது. உள்ளத்தின் முறை வருவதற்குள் நாலாவது மெழுகுவர்த்தி எரிந்து முடிந்துவிடும்.

இதோடு அன்பியக் கூட்டம். ஒரு முப்பது வீடு சேர்ந்தது எங்கள் அன்பியம். கூட்டத்தில் ஆளாளுக்கு வேலை பிரித்தார்கள். கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு கீபோர்டு, குரல் இருக்கிறவர்களுக்குப் பாட்டு. எனக்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள். வயிறு இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கிவிட்டார்கள்.

குட்டியானை வண்டியில் விளக்கு கட்டி, ஜெனரேட்டர் ஏற்றி, வீடு வீடாகப் போவோம். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வீட்டுக்குப் பதினொன்றரைக்குப் போவோம். அந்த வீட்டுப் பெரியவர் சுண்டலை மூன்றாவது தடவை சூடு பண்ணிவிட்டு, மங்கி கேப்போடு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று சட்டம் இருப்பதால் எங்கள் பையன்கள் வெறும் தொண்டையாலேயே சட்டத்தை மீறுவார்கள். நான் ரப்பர் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு, மணியை ஆட்டிக்கொண்டு, வயசுக்குப் பொருந்தாமல் குதிப்பேன்.

எதிர்த்த தெருவில் ஒரு வீட்டுக் குழந்தை, இரண்டாம் வகுப்பு இருக்கும், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக என் செருப்பைப் பார்த்தது. "ஏனுங் தாத்தா, கரண்டு பில்லு கட்டாம ஃபீசப் புடுங்கிட்டாங்கன்னு எங்க வீட்டுல ஃபோனு சார்ஜ் போட வந்தவருதானுங்களே நீங்க?" என்றது. கூட்டம் டிரம்மை நிறுத்திவிட்டுச் சிரித்தது. ஒரு மனுசனை இத்தனை மரியாதையாக அவமானப்படுத்த எங்கள் கொங்கு நாட்டில்தான் முடியும்.

குடிலுக்கு வருகிறேன். 1223-ல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் அசிசி பிரான்சிஸ் முதல் குடிலை அமைத்தபோது வைக்கோல் போட்டு, நிஜ மாடும் கழுதையும் நிறுத்தினார், முடிந்தது. அன்பியங்களுக்கிடையே போட்டி வைத்தால் என்ன ஆகும் என்று அந்த நல்ல மனுசருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் அன்பியத்துக் குடிலுக்கு என் வீட்டுப் போர்ட்டிகோவைக் கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார்கள். அன்றைக்கே என் ஸ்கூட்டர் பனியில் நின்றது.

சூலூர்ப் பக்கமிருந்து வைக்கோல் வந்தது. காகிதத்தில் மலை எழுந்தது. ஆடுகள் ஒரு கடையிலும் இடையர்கள் இன்னொரு கடையிலும் வாங்கினதால் ஒவ்வோர் ஆடும் மேய்ப்பனைவிட ஒரு சாண் உயரம். அதுவரை சரி. ஆனால் நாங்கள் யார்? 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர்க்காரர்கள். வீதிக்கு ஒரு பம்ப் பட்டறை. இந்த ஊரில் மோட்டார் இல்லாமல் குடில் வைத்தால் எவன் மதிப்பான்? மீன்தொட்டி மோட்டார் போதும் என்றேன். எங்கள் அன்பியத் தலைவர் சொந்தப் பட்டறைக்காரர். அரைக் குதிரைத் திறனுக்குக் குறைந்து எதையும் தொடமாட்டேன் என்றார். பெத்லகேமில் ஆறே கிடையாது என்று மெதுவாக ஆரம்பித்தேன். எல்லோரும் என் வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டதும் அருவி மலையைத் தாண்டிக் குதித்து ஏரோது அரண்மனையைப் பொட்டலமாக அடித்துக்கொண்டு போனது. மூன்று ராஜாக்கள் கேட் வரைக்கும் மிதந்து வந்தார்கள். திருக்காட்சித் திருநாளுக்குத்தான் வரவேண்டியவர்கள், இந்த வேகத்தில் வந்தால் என்ன செய்வது?

இந்த நேரத்தில்தான் என் மாமனார் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் இறங்கினார். அவர் பழைய கிறிஸ்தவர். கோயமுத்தூர்ப் பெரிய கடை வீதியில் மிக்கேல் பேராலயம் நிற்பதே தங்கள் ஊர் பார்த்துக் கொடுத்த பெருமை என்பது அவர் எண்ணம். "1846-ல பிரெசில்லாக் ஆண்டவருக்கு பிஷப்பு பட்டம் கட்டுனது எங்கூருலதானுங்க மாப்பிள்ளை" என்று தொடங்கினால், அந்தப் பிரெஞ்சுக்காரர் பத்து வருசம் கழித்து லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மிஷன் சபை ஆரம்பித்து, 1859-ல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறக்கும் வரை நிறுத்தமாட்டார். கேட்க நல்ல கதைதான். ஆனால் நான் அப்போது முழங்கால் தண்ணீரில் ஒட்டகம் தேடிக்கொண்டிருந்தேன். பிஷப் ஆப்பிரிக்கா போன இடத்தில் மாமனார் கொஞ்சம் நிறுத்தி, "ஒட்டகம் நொண்டுதுங்களே மாப்பிள்ளை" என்றார்.

பலகாரத் தட்டு தனி இலாகா. தீபாவளிக்கு வந்த தட்டுக்கெல்லாம் டிசம்பரில் பதில் போக வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்ட வீட்டுக்கு முட்டையில்லாத கேக், சர்க்கரைக்காரர் வீட்டுக்கு முறுக்கு மட்டும், கச்சாயம் எல்லோருக்கும். தூக்கிக்கொண்டு போகிறவன் நான். ஒவ்வொரு தட்டையும் நீட்டி, "இது முட்டை போட்டது, இது போடாதது" என்று ஒப்பிப்பேன். எதிர் வீட்டு அக்கா கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டு, "நல்லா வந்திருக்குதுங்க தம்பி. அம்மணி செஞ்சதுங்களா?" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதானுங்க" என்றேன். தட்டை வெறுமனே திருப்பக் கூடாதென்று சர்க்கரை எடுக்கப் போனவர், சிரித்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

ஆனால் நள்ளிரவுப் பூசையில் எனக்கும் நாலு வசனம் கிடைத்தது. இரண்டாம் வாசகம், தீத்துக்கு எழுதிய திருமுகம், இரண்டாம் அதிகாரம் 11 முதல் 14 வரை. வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கேரலில் பாடியதன் பலன். என் தொண்டை முகமூடிக்குள் பத்திரமாக இருந்தது. குளிக்கும்போது வாசித்தேன், ஸ்கூட்டரில் வாசித்தேன், சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "என்னங்ணா?" என்று கேட்கும் அளவுக்கு வாசித்தேன்.

இருபத்துநாலாம் தேதி ராத்திரி கோயிலில் ஊசி விழ இடமில்லை. வருசம் முழுக்கப் பூசைக்கு வருகிறவர்கள் வெளியே சாமியானாவில் பனியில் நிற்பார்கள். வருசத்துக்கு ஒருநாள் வருகிறவர்கள் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருப்பார்கள், இது எங்கும் உள்ள வழக்கம். 'உன்னதங்களிலே' தொடங்கியதும் மணியெல்லாம் அடித்து, விளக்கெல்லாம் எரிந்து, தூங்கிய குழந்தைகளெல்லாம் ஒருசேர அழுது முடித்தன. முதல் வாசகம் முடிந்தது. பதிலுரைப் பாடல் முடிந்தது. நான் போய் நின்றேன். கணீரென்று வாசித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ஜனங்கள் ஒருமாதிரி கனிவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது வசனமும் முடிகிற சமயத்தில் பீடச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து மைக்கின் அடியில் எதையோ அமுக்கிவிட்டுப் போனான்.

"ஆண்டவரின் அருள்வாக்கு" என்பது மட்டும் கோயில் அதிரக் கேட்டது.

"இறைவா உமக்கு நன்றி" என்றது மொத்த ஜனமும். வழக்கமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. வெளியே வந்ததும், "நல்லா வாசிச்சீங்க" என்றாள் வீட்டுக்காரி. காதில் விழுந்ததா என்று கேட்டேன். "வாய் அசைஞ்சது நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் குடில் போட்டியின் முடிவைப் படித்தார்கள். முதல் பரிசு பக்கத்து அன்பியத்துக்கு. அவர்கள் மோட்டாரே வைக்கவில்லை. எங்களுக்கு ஆறுதல் பரிசு. தலைவர் மேடையேறமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டதால் நான் போய் வாங்கினேன். வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பிளாஸ்டிக் வாளி. அன்று மத்தியானமே அதற்கு உபயோகம் வந்தது: போர்ட்டிகோவில் நின்ற தண்ணீரை அதில்தான் இறைத்தேன்.