கடன் வைத்த கவரே கரை சேரும்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய அஞ்சல் துறை,
டாக் பவன், புது தில்லி.

பொருள்: முழுக் கட்டணம் செலுத்துவோரையும் கடன்காரருக்கு நிகராக நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அஞ்சலகச் சட்டம், 2023.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் துறையின் ஆகச் சிறந்த சேவைக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. தபால்தலை போதாத கவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையைத்தான் சொல்கிறேன்.

20 கிராம் வரையுள்ள கவருக்கு 5 ரூபாய். அதை ஒட்டாமல் பெட்டியில் போட்டால், குறைந்த தொகையைப் போல இரு மடங்கு, அதாவது 10 ரூபாய், பெறுபவர் தலையில் விழுகிறது. உடனே அந்தக் கவருக்கு வரும் மரியாதையைப் பார்க்க வேண்டும்! தனி முத்திரை. மேலே எழுதப்பட்ட தொகை. தபால்காரர் பேரில் கணக்கு. மாலையில் அவர் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லையேல் கவரைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஆகவே வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறார்.

ஒழுங்காக 5 ரூபாய் ஒட்டிய கவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அது கேட் இடுக்கிலோ மீட்டர் பெட்டி மேலோ இளைப்பாறலாம். “நாட்பெய்டில் (தபால்தலை ஒட்டாமல்) போடு, கட்டாயம் போய்ச் சேரும்” என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில்தான்.

கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டீர்கள். உள்ளூரைத் தாண்டினால் 50 கிராம் வரை 47 ரூபாய், வரி தனி. நாட்பெய்டோ 10 ரூபாயில் முடிகிறது. அதுவும் அடுத்தவர் பணம். இப்படியொரு சிக்கனத் திட்டத்தை விளம்பரமே செய்யாமல் வைத்திருப்பது தங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது.

கல்யாண வீடுகள் இதை எப்போதோ கண்டுகொண்டன. தடித்த அட்டை, தங்க எழுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் என்று பத்திரிகை 20 கிராமைத் தாண்டிவிடும். ஒட்டுவது 5 ரூபாய்தான். அழைக்கப்பட்டவர் 10 ரூபாய் கொடுத்துத் தம்மைத் தாமே அழைத்துக்கொள்கிறார். மொய்க் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முன்பு இங்கிலாந்தில் பெறுபவர் காசு கொடுப்பதுதான் வழக்கம். கவிஞர் கோல்ரிட்ஜ் பற்றி ஒரு கதை உண்டு. காசில்லாமல் அண்ணன் கடிதத்தைத் திருப்பியனுப்பிய ஏழைப் பெண்ணுக்காக அவர் ஒரு ஷில்லிங் கொடுத்தாராம். பிரித்தால் வெள்ளைத் தாள்! அண்ணன் நலம் என்பதற்குக் கடிதம் வந்ததே போதும். மிஸ்டு காலுக்கு முப்பாட்டன் முறை. இப்படிப்பட்டவர்களைத் திருத்தத்தான் 1840-இல் ஒரு பென்னித் தபால் வந்தது. முன்பணம் கட்டாவிட்டால் 2 பென்னி. நம் நாட்டிலும் 1854-இல் கால் தோலாவுக்கு அரையணா, கட்டாவிட்டால் இரட்டிப்பு. முன்பணம் கட்டுகிறவனே நல்ல குடிமகன் என்று நம்பி, அன்றிலிருந்து நாக்கில் பசை தடவிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நம்பிக்கைக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன கைம்மாறு செய்கிறது? நாங்கள் தர வேண்டிய காசைத் தராவிட்டால் அதை நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். 10 ரூபாய்க்காகத் தாசில்தார் வந்து தண்டோரா போட்டு அண்டாவை ஜப்தி செய்யும் காட்சியை நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. தாங்கள் எங்கள் கடிதத்தைத் தொலைத்தாலோ, தாமதித்தாலோ, வேறு வீட்டில் கொடுத்தாலோ? தாங்களாகவே ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை. ஊழியர் வஞ்சமாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால்தான் அவரைக் கேட்கலாம். வேண்டுமென்றுதான் தொலைத்தார் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். நாங்கள் 5 ரூபாய் குறைத்ததைத் தங்கள் தராசே நிரூபித்துவிடும்.

ஆக, தங்களிடம் கடன்பட்டவனைத் தாங்கள் கைவிடுவதில்லை. கடனைத் தீர்த்தவனைத்தான் மறந்துவிடுகிறீர்கள். எனவே பணிவுடன் கோருவது:

1. முழுத் தபால்தலை ஒட்டிய கவர்களிலும் ‘பாக்கி உள்ளது’ என்று ஒரு பொய் முத்திரை குத்த வேண்டும்.

2. அது முடியாதெனில், தொலையும் கவருக்குத் தாங்களும் இரு மடங்கு, அதாவது 10 ரூபாய், தர வேண்டும். தராவிட்டால் டாக் பவனை ஜப்தி செய்ய எங்கள் ஊர்த் தாசில்தாருக்குப் பயணப்படி வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
பாக்கியில்லாத காரணத்தால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்.

பின்குறிப்பு: இந்தக் கவரை நிறுத்து, முழுக் கட்டணத்துக்கும் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். வந்து சேராவிட்டால் பதில் எழுத வேண்டாம்.