விளைவித்தவர் கையில் தராசு

கே: வாரச்சந்தை கூடும் நாளை மறந்துவிடுகிறேன். என்ன செய்வது? (நாகர்கோவில் வாசகி)

ப: உங்கள் மாவட்டத்தில் அந்தக் கவலையே வேண்டாம், திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று ஊரே நாளைச் சொல்லிவிடும். நாமக்கல் பக்கம் போனால் புதன்சந்தை.

கே: வாரச்சந்தை இருக்க, உழவர் சந்தை எதற்கு? (திருமங்கலம் வாசகர்)

ப: வாரச்சந்தையில் யாரும் விற்கலாம். உழவர் சந்தையில் விளைவித்தவர்தான் விற்க வேண்டும். அதற்கு அடையாள அட்டை உண்டு. தரகு கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். காலமெல்லாம் மண்டிக்காரர் எடை போடுவதைத் தள்ளி நின்று பார்த்தவர் கையில் தராசு வந்ததே, அதுதான் பெரிய மாற்றம்.

கே: முதல் உழவர் சந்தை எது? (தேனி வாசகர்)

ப: மதுரை அண்ணா நகரில் இருப்பது. 1999 நவம்பர் 14 அன்று முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திராவின் 'ரைத்து பஜா'ரும் இதற்கு மூத்தவை. ஆனால் சந்தை மதுரைக்குப் புதிதல்ல. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டையும் மதுரைக்காஞ்சியில் காட்டியிருக்கிறார் மாங்குடி மருதனார். தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வந்ததா?

கே: அங்கே விலை வைப்பது யார்? (மேலூர் வாசகர்)

ப: அன்றாடம் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடக் கூட, கடை விலையைவிடக் குறைவு என்பதே கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நடுவில் நின்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்த பங்குதான் இப்படிப் பிரிகிறது.

கே: வியாபாரிகளே உழவர் வேடத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை வாசகி)

ப: ஒரே கடையில் பதினைந்து வகைக் காய் குவிந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "எந்த ஊருங்க? எப்ப போட்ட வெண்டை?" என்று கேட்டுப் பாருங்கள். உழவர் என்றால் விதை வாங்கியதில் தொடங்கி, மழை ஏமாற்றியது வரை சொல்லுவார். நின்று கேளுங்கள். அந்தக் காயோடு சேர்ந்து வரவேண்டிய கதை அது.

கே: கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறாகக் கேட்கலாமா? (சிவகங்கை வாசகி)

ப: அவர்களாகக் கொடுத்தால் மறுக்காதீர்கள், கேட்டு வாங்காதீர்கள். அதற்கும் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

கே: எத்தனை மணிக்குப் போனால் நல்ல காய் கிடைக்கும்? (மதுரை வாசகர்)

ப: விடியற்காலையில். ஆனால் மாதம் ஒருமுறையாவது கடைசி நேரத்திலும் போய், மிச்சமிருக்கும் கீரைக்கட்டுகளைப் பலகை விலைக்கே வாங்குங்கள். அவற்றை விற்றுவிட்டுத்தான் கீரை விற்கும் அம்மா ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.