ஒரகடத்து ‘ரகசியத் தகவல்’

ஒரகடம் கூட்டுரோட்டில் யாருமே பார்த்திராத ஒருவர் இருக்கிறார். போதைப்பொருள் வழக்குத் தாள்களில் அவர் பெயர் ‘ரகசியத் தகவல்’. ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் வடநாட்டுப் பையன், தோளில் ஒரு பை, காக்கியைக் கண்டதும் திருதிரு முழி. போதும், இவர் ஏற்கெனவே போன் போட்டிருப்பார்.

மனிதர் சட்டமும் படித்தவர். போதைப்பொருள் சட்டம் 42ஆவது பிரிவுப்படி, வீட்டில் சோதனை போடுவதென்றால் வந்த தகவலை எழுதிவைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடமென்றால் 43ஆவது பிரிவு. அந்த எழுத்துவேலை கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் காட்டிக்கொடுக்கும் ஆசாமிகள் எப்போதும் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கிறார்கள். ஆள் யாரென்று சொல்லும்படி போலீஸைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டம், 125ஆவது பிரிவில் போட்ட வேலி அது. அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அப்படியே நிற்கிறது.

2021 டிசம்பரில், இதே வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதிச் சாப்பாட்டால் 159 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். சிலர் செத்துவிட்டதாக ஊர் பேர் இல்லாத வதந்தி பறந்து, பெங்களூரு நெடுஞ்சாலையே மறியலில் ஸ்தம்பித்தது. விடுதிச் சோற்றைப் பற்றி மட்டும் நம்மாளிடமிருந்து முன்கூட்டி ஒரு போனும் வரவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு அவருக்கு லீவோ என்னவோ.