நகரமைப்பு முதுகலை: மலிவும் தரமும்

நகரமைப்பில் முதுகலைப் பட்டம் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதைக் குறைந்த செலவில் தரமாகப் படிக்க, கேட் (GATE) தேர்வெழுதி அரசு நிறுவனத்தில் சேர்வதே நம்பகமான வழி, உதவித்தொகைக்கும் வாய்ப்புண்டு. மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள் டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ளன. பின்னிரண்டும் 2008இல் தொடங்கப்பட்டவை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் உண்டு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்திலிருந்து படிக்கக் கிளம்புபவருக்கு விஜயவாடாவைவிடச் சென்னைதான் பக்கம். ஆனால் மாநில ஒதுக்கீட்டுக்குத் தெரிந்தது எல்லைக்கோடு மட்டுமே. பஸ் டிக்கெட் விலை அதற்குத் தெரியாது.

படித்து முடித்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, காகிதத்தில். நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே இல்லை. அப்போது மாநிலங்களில் அனுமதிக்கப்பட்டிருந்த நகரமைப்பாளர் பணியிடங்கள் 3,945. அவற்றில் 42 சதவீதம் காலியாக இருந்தன. பல மாநிலங்களில் அந்தப் பணிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியும் அல்ல என்கிறது அதே அறிக்கை. ஆக, இருப்பதிலேயே மலிவான வழி, படிக்காமலே அந்த நாற்காலியில் உட்காருவது. அதன் தரத்தை மழைக்காலத்தில் தெருவில் இறங்கி அளக்கலாம். பெரும்பாலும் முழங்கால் வரை வரும்.