வண்டி நம்பரைப் பார்த்து விலை

மாட்டுப்பட்டி அணைப்பக்கம் கேரட் விற்பவர் முதலில் வண்டி நம்பரைத்தான் பார்ப்பார். எஸ்டேட் அக்காவுக்கு ஒரு விலை, பெங்களூர்க் காருக்கு வேறு விலை. நாமும் அவர் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம். செயலிக்கு ஏது முகம்?

ஐபோனுக்கு ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டுக்கு ஒரு கட்டணமா என்று 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபருக்கு நோட்டீஸ் விட்டது. இருவரும் ‘இல்லவே இல்லை’ என்றார்கள். நியூயார்க்கிலோ, உங்கள் தகவலை வைத்து அல்காரிதம் போட்ட விலை இது என்று அறிவித்தாக வேண்டும். 2025 நவம்பர் முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அறிவித்துவிட்டால் தாராளமாகப் போடலாம்!

நம் எம்.ஆர்.பி. உச்சவரம்பு மட்டுமே. அதற்குக் கீழே யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று அது கேட்பதில்லை. நுகர்வோர் துறை அமைச்சரே, அந்தத் தள்ளுபடிக் கணக்கையும் பில்லில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.