மேல்வரி அண்ணன்

எந்தப் பொறியியல் கல்லூரி லேபுக்குப் போனாலும் மேல்வரி அண்ணன் ஒருவர் இருப்பார். கையில் நாலு அரியர் இருக்கும். ஆனாலும் லேப் எக்ஸாமுக்கு முந்தின நாள் அவருக்கு இருக்கிற மவுசு எச்.ஓ.டி.க்கே இருக்காது.

டர்போ சி-யின் நீலத் திரையைப் பார்த்து வெளிறிப்போன முதலாமாண்டுப் பையன் ஓடி வருவான்.

"அண்ணா, 12-வது வரியில எரர்ங்குது. பத்து தடவை பார்த்துட்டேன், பிரிண்ட்எஃப் சரியாத்தான் இருக்கு."

அண்ணன் திரைப்பக்கம் திரும்பக்கூட மாட்டார். "11-ல செமிகோலன் வச்சியா?"

வைத்திருக்க மாட்டான்.

இதில் மாயமில்லை. சி மொழியில் வரி முடிந்தால் வாக்கியம் முடிந்ததாகாது. செமிகோலன் விழுந்தால்தான் முடியும். 11-ல் அது இல்லையா, அடுத்த வரியில் வரும் என்று கம்பைலர் நம்பிக்கையோடு நடக்கும். 12-ல் பிரிண்ட்எஃப் தடுக்கும். விழுந்த இடத்தைத்தான் அது சொல்லும்.

கடைசி வரியில் எரர் என்றால் அண்ணன் ரீஃபில் முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு, நெளிவு அடைப்புகளை எண்ணுவார். "திறந்தது ஏழு, மூடினது ஆறு. கதவைச் சாத்தாம தூங்கியிருக்கே." எரர் முப்பது வந்தாலும் அசர மாட்டார். "முதல் எரரை மட்டும் திருத்திட்டு திரும்ப கம்பைல் பண்ணு. மத்ததெல்லாம் அதோட பிள்ளைகுட்டி."

ஹெடர் ஃபைல் என்று வந்துவிட்டால் அவருக்குச் சாமியே வந்துவிடும். அங்கே ஸ்ட்ரக்ட் முடிவில் செமிகோலன் விட்டுப்போனால், பழி அதை இன்க்ளூட் செய்த அப்பாவி ஃபைலின் தலையில் விழும். பையன் அந்த ஃபைலையே மூன்று தடவை அழித்து எழுதியிருப்பான்.

ஒருநாள் வாய்த்துடுக்கான பையன் ஒருவன் கேட்டான்: "இவ்ளோ தெரிஞ்சும் இந்த செமஸ்டர்ல எப்படிண்ணா ஃபெயிலானீங்க?"

"மேல பாரு தம்பி. தப்பு போன செமஸ்டர்லயே இருக்கு."

இப்போதைய ஜிசிசி-யும் கிளாங்கும் செமிகோலன் விட்டுப்போன இடத்திலேயே குறி போட்டுக் காட்டிவிடுகின்றன. அண்ணனுக்குப் பாதி வியாபாரம் போயிற்று. ஆனால் அடைப்பை மூட மறந்தால் இன்றும் பெரும்பாலும் ஃபைலின் கடைசியைத்தான் காட்டுகின்றன. அண்ணன் பதவிக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.